கிட்டிடாஸ் முதல் ஒதெல்லோ வரை சைக்கிளில்: பலூஸ் டு கேஸ்கேட்ஸ் தடத்தின் முடியாத பகுதி பற்றிச் சில கேள்விகள்

பெடல்பிரியன் (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பலூஸ் டு கேஸ்கேட்ஸ் தடத்தில் சீடர் ஃபால்ஸ் முதல் எல்லன்ஸ்பர்க் வரை உள்ள மேற்குப் பாதி பற்றி இங்கே நிறைய எழுதியிருக்கிறார்கள், படித்துவிட்டேன். எனக்கு வேண்டியது அதற்குக் கிழக்கே. கிட்டிடாஸில் புறப்பட்டு, ராணுவப் பயிற்சி நிலம் வழியாக கொலம்பியா ஆற்றுக்கு இறங்கி, பெவர்லி பாலம் தாண்டி, முடிந்தால் ஒதெல்லோ வரை. இரண்டு பேர், இரண்டு நாள், அக்டோபர் முதல் வாரம்.

என் வண்டி ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்), 29 இன்ச், 2.2 இன்ச் டயர், ட்யூப்லெஸ். மனைவியுடையது கிராவல் பைக், 700க்கு 40, உள்ளே சாதா ட்யூப்தான். ஆளுக்கு ஏழெட்டு கிலோ சுமை இருக்கும்.

கேட்க நினைப்பது: 40 மில்லிமீட்டர் டயர் அங்கே தாங்குமா? முள் பற்றிப் பயமுறுத்துகிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? தண்ணீர் எவ்வளவு கட்டிக்கொண்டு போக வேண்டும்? ராணுவ நிலத்துக்கு அனுமதி எப்படி? பெவர்லிக்குக் கிழக்கே தடம் என்ற ஒன்று நிஜமாகவே இருக்கிறதா, வரைபடத்தில் மட்டும்தானா?

ஜல்லிராஜா

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

இது பழைய மில்வாக்கி ரோடு ரயில் பாதை. 1909இல் ஓட ஆரம்பித்து, 1980இல் மேற்குப் பகுதியைக் கைவிட்டார்கள். தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டையையும் பெயர்த்துக்கொண்டு போனார்களே ஒழிய ஜல்லியை அப்படியே விட்டுவிட்டார்கள். எல்லன்ஸ்பர்க்குக்கு மேற்கே அந்த ஜல்லி மேல் பொடிக்கல் கொட்டி உருளை விட்டு அழுத்தியிருக்கிறார்கள், அதனால்தான் அங்கே 35 மில்லிமீட்டர் டயரில்கூட ஜாலியாகப் போகலாம். நீங்கள் கேட்கிற பகுதியில் அந்த வேலை முழுசாக நடக்கவில்லை. ஒரு மைல் கெட்டித்த மண், அடுத்த மைல் முட்டை அளவு ஜல்லி, அதற்கடுத்து மணல். மொத்தத் தடம் சுமார் 285 மைல் என்று போட்டிருப்பார்கள். அதில் பெரிய பாலங்களும் இடைவெளிகளும் தொல்லை தருவதெல்லாம் கிட்டிடாஸுக்குக் கிழக்கேதான்.

ஒரு வேடிக்கை: ரயில் ஓடிய காலத்திலேயே இந்தப் பாதை முடியாத பாதைதான். டகோமாவிலிருந்து ஒதெல்லோ வரை மின்சார ரயில், ஐடஹோவில் ஏவரியிலிருந்து கிழக்கே மறுபடி மின்சாரம். நடுவில் ஒதெல்லோவிலிருந்து ஏவரி வரை கம்பியே இழுக்கவில்லை, கடைசிவரை. பரம்பரைக் குணம் போல.

இனி டயர். 40 மில்லிமீட்டர் தாங்கும், ஆனால் ஓட்டுகிறவரின் கை தாங்குமா என்பதுதான் கேள்வி. தளர்ந்த ஜல்லியில் மெல்லிய டயர் கல்லுக்கு இடையில் புதையும், முன்சக்கரம் தன்னிஷ்டத்துக்கு ஒதுங்கும். அந்த ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் 45 அல்லது 50 நுழையுமென்றால் போட்டுவிடுங்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் இரண்டு பக்கமும் தலா 5 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடையில் ஒரு சின்னக் கல் மாட்டினாலே பெயின்ட் போய், கார்பன் ஃபிரேமாக இருந்தால் அதுவும் அறுபடும். காற்று: உங்கள் 2.2க்கு முன்னால் 18, பின்னால் 21 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்குங்கள். 40க்கு, ட்யூப் இருப்பதால், 35க்குக் கீழே இறக்க வேண்டாம். இறக்கினால் ஜல்லியில் ரிம் இடித்து ட்யூபில் பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும்.

முள் விஷயம் முழு உண்மை. அமெரிக்கர்கள் கோட்ஹெட் என்பார்கள், ஏதோ அயல்நாட்டுச் செடி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நம்ம ஊர் நெருஞ்சிதான் அது. மாதிரி என்றுகூட இல்லை, அதே இனம், தாவரவியல் பெயரும் ஒன்றுதான். தரையோடு படர்ந்த கொடி, புளியிலை போன்ற சின்ன இலை, ஐந்து இதழ் மஞ்சள் பூ. காய் காய்ந்தால் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள், இரண்டு சின்ன முள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் வானத்தைப் பார்த்து நிற்கும், அதுதான் அதன் சாமர்த்தியம். இதை ஒழிக்க 1961இல் இந்தியா, பிரான்ஸ், இத்தாலியிலிருந்து இரண்டு வகை வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வெயில் பூமியில் நன்றாக வேலை செய்தன, குளிர் கூடிய இடங்களில் அவ்வளவாக எடுபடவில்லை.

அக்டோபர் முதல் வாரம் என்பது கோடை முழுக்கக் காய்த்தது உதிர்ந்து தரையில் கிடக்கும் நேரம். அதனால் சாதா ட்யூபோடு போவதை நான் மறுக்கிறேன். உங்கள் ட்யூப்லெஸ்ஸிலும் சீலண்ட் (ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவம்) எப்போது ஊற்றியது என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேலானால் உள்ளே பாதி உலர்ந்து தோலாக ஒட்டியிருக்கும். சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டுங்கள், தண்ணீர் தளும்பும் சத்தம் வர வேண்டும். 2.2க்குச் சாதாரணமாக 100 முதல் 120 மில்லி. இங்கே 140 ஊற்றுங்கள், 60 மில்லி குப்பியில் தனியாகவும் எடுத்துப் போங்கள்.

கொலம்பியாக்கரை

ஜல்லிராஜா டயரைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் வழியைச் சொல்கிறேன்.

கிட்டிடாஸ் விட்டதும் பண்ணை நிலம், சிரமமில்லை. ஐ-90 நெடுஞ்சாலைக்கு மேலே ரென்ஸ்லோ பாலம். முன்பு கைப்பிடியும் தளமும் இல்லாமல் மூடிக் கிடந்தது, சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இப்போது பலகை போட்டுத் திறந்துவிட்டார்கள். பழைய வலைப்பக்கங்களில் சுற்றுவழி சொல்லியிருந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

அடுத்து ராணுவ நிலம், யாகிமா பயிற்சி மையம். தடம் அதற்குள் சுமார் 22 மைல் போகிறது. மேற்கு முனையிலும் கிழக்கு முனையிலும் பெயர் பதிவு செய்யும் பெட்டி இருக்கும், படிவம் நிரப்பிவிட்டு உள்ளே போக வேண்டும். கட்டணம் கிடையாது. ஆனால் மூன்று விஷயத்தில் விளையாடக் கூடாது. இரவு தங்கக் கூடாது. அடுப்பு, நெருப்பு எதுவும் கூடாது. தடத்தை விட்டு இறங்கவே கூடாது. கடைசியதற்குக் காரணம், அது குண்டு போட்டுப் பழகும் நிலம். வெடிக்காத குண்டு எங்கே கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. பயிற்சிக்காகவோ காட்டுத்தீ அபாயத்துக்காகவோ திடீரென்று மூடுவார்கள். முந்தின நாள் இரவு ஸ்டேட் பார்க்ஸ் (மாநிலப் பூங்காத் துறை) இணையதளத்தில் அந்தத் தடத்துக்கான எச்சரிக்கைப் பகுதியை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் பாய்ல்ஸ்டன் குகை வரும். நீளம் சுமார் 600 மீட்டர். முகப்பில் மேலிருந்து பாறை சரியும், உள்ளே தண்ணீர் கசிந்து சேறாக இருக்கும். மூடல் பலகை இருந்தால், பலகைக்குப் பக்கத்தில் ஆள் போன சுவடு எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அதை நம்பாதீர்கள். மேட்டின் மேல் ஏறி இறங்கும் மாற்றுவழி இருக்கிறது. செங்குத்துதான், சுமையோடு தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும், ஆனால் தூரம் குறைவு.

குகை தாண்டினால் உச்சி முடிந்தது. அங்கிருந்து கொலம்பியா வரை சுமார் 17 மைல் ஒரே இறக்கம், 2.2 சதவீதச் சரிவு. ரயில் காலத்தில் மேற்கே ஏறும் சரக்கு வண்டிகளைத் திணற அடித்த சரிவு இதுதான். அதனால்தான் கிழக்கு நோக்கிப் போகச் சொல்கிறோம். கிட்டிடாஸ் பள்ளத்தாக்கில் காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வீசும், முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். எதிர்த் திசையில் வந்தால் ஏற்றம், எதிர்காற்று, மணல் மூன்றும் சேர்ந்துகொள்ளும்.

இறக்கம் என்றதும் பறக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பாறையைக் குடைந்த வெட்டுப்பள்ளங்கள் நிறைய வரும். அங்கே இரண்டு ஆபத்து. ஒன்று, மேலிருந்து உருண்டு வந்த கல். இன்னொன்று, காற்றில் உருண்டு வரும் காய்ந்த முட்புதர். பள்ளத்துக்குள் இடுப்பளவு குவிந்து வழியையே அடைத்துக்கொள்ளும். அதற்குள் வண்டியை விட்டால் செயினிலும் பின்னால் கியர் மாற்றும் பகுதியிலும் சுற்றிக்கொள்ளும், அந்தப் பகுதியை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டான ஹேங்கர் வளைந்துவிடும். இறங்கி, கையுறை போட்டு, குவியலைப் பிரித்து ஒதுக்கிவிட்டுப் போக வேண்டும். உங்கள் இரண்டு வண்டிக்கும் பொருந்துகிற உபரி ஹேங்கர் ஒன்றொன்று எடுத்துக்கொள்ளுங்கள். 20 கிராம்கூட இருக்காது, அந்த இடத்தில் அது இல்லையென்றால் வண்டியே இல்லை.

மணலுக்கும் ஜல்லிக்கும் ஓட்டுகிற முறை வேறு வேறு. ஜல்லியில் வேகம் கொஞ்சம் இருந்தால்தான் வண்டி நேராகப் போகும், உட்கார்ந்து பின்னால் எடையைத் தள்ளி, ஹேண்டில்பாரை லேசாகப் பிடிக்க வேண்டும். மணலில் அப்படிப் போனால் முன்சக்கரம் புதைந்து தலைகுப்புற விழ வைக்கும். மணல் கண்ணில் பட்டதுமே லேசான கியருக்கு மாற்றி, பெடலை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே நுழைய வேண்டும். அதற்கும் போகவில்லையா, இறங்கித் தள்ளுங்கள். ஐந்து நிமிடம் தள்ளுவது ஐந்து நிமிடம் மல்லுக்கட்டுவதைவிட வேகமானது.

தண்ணீருக்கு ஒரு கணக்கு. கிட்டிடாஸிலிருந்து பெவர்லி பாலம் சுமார் 30 மைல். இந்தத் தரையில் சுமையோடு நின்று நிதானித்துப் போனால் 6 மணி நேரம் ஆகும். மணிக்கு 600 மில்லி என்றால் 3.6 லிட்டர். இதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ராணுவ நிலத்தின் நடுவில் வண்டி படுத்துவிட்டால் ஏதாவது ஒரு முனைக்கு 11 மைல் நடக்க வேண்டும், அது நாலு மணி நேரம். நடுவில் எந்த வாகனமும் வராது. அதற்கு 2 லிட்டர். ஆக ஆளுக்கு 5.6 லிட்டர். அக்டோபரில் வெயில் குறைவாக இருந்தால் 5 போதும். ஜூலை, ஆகஸ்ட் என்றால் கேள்வியே வேண்டாம், போகாதீர்கள். 40 டிகிரி தொடுகிற பூமி, நிழல் என்று ஒரு மரம் கிடையாது.

பெவர்லியில் கடையை நம்பிப் போகவும் கூடாது. கடை கண்ணி வேண்டுமென்றால் எஸ்.ஆர். 243 மாநில நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 10 மைல் போய் மட்டாவா. ஆற்றுக்கு இந்தப் பக்கமே தங்குவதாக இருந்தால் ஹன்ட்ஸிங்கர் சாலையில் வடக்கே வானபம் முகாம், அரசுப் பூங்காதான், இடம் முன்பதிவு செய்யலாம். அதற்காக வடக்கே போகும் மைல்களை மறுநாள் திரும்ப வர வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆத்தங்கரை_வன்கூவர்

அண்ணை இரண்டு பேரும் வடிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் பெவர்லிக்குக் கிழக்கே உள்ள பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து இருக்கிறது.

பெவர்லிப் பாலம் முதலில். ஆற்றுக்கு மேலே கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் நீளம். 2014இல் தீ பிடித்துத் தளம் எரிந்தது, வருசக்கணக்காக மூடிக் கிடந்து 2022இல்தான் திறந்தார்கள். அதற்கு முதல் சைக்கிள்காரர் வான்ரேஜ் ஐ-90 பாலத்தால் யாரையாவது வாகனத்தில் ஏற்றிவிடச் சொல்லிக் கேட்கவேண்டிய நிலை. இப்போது பாலம் நல்ல நிலையில் இருக்கிறது, ஆனால் காற்றுக்குக் கவனம். தெற்கே சாடில் மலையை ஆறு அறுத்துக்கொண்டு போகிற சென்ரினல் கணவாய் இருக்கிறது, அந்த இடுக்குக்குள்ளால் காற்றுப் புகுந்து வரும். பக்கவாட்டில் பெரிய பை கட்டியிருந்தால் பாலத்தில் இறங்கி உருட்டுவதே நல்லது.

பாலம் கடந்தபிறகு தடம் க்ராப் க்ரீக் பள்ளத்தாக்குக்குள் போகும். அங்கே மணல்மேடுகள் இருக்கின்றன, மோட்டார் வண்டி ஓட்டுவதற்கென்றே ஒதுக்கிய மணல்வெளிகூட பக்கத்தில் உண்டு. அந்த மணல் காற்றில் வந்து தடத்தை மூடும். ஒரு முறை சுத்தம் செய்தாலும் அடுத்த காற்றுக்குத் திரும்ப வந்துவிடும். இதை யாரும் பழுது பார்த்து முடித்துவிட முடியாது. அதனால் பெவர்லியிலிருந்து சிமிர்னா வரை தடத்தைப் பிடிவாதமாகப் பிடிக்காமல், சமாந்தரமாகப் போகும் லோவர் க்ராப் க்ரீக் ரோட்டில் போங்கள் என்பதே என் ஆலோசனை. தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், 20 கிலோமீற்றர் அளவு. அதே மலை, அதே பள்ளத்தாக்கு, அதே காட்சி. வடக்குப் பக்கம் நன்னலி, லெனிஸ் என்று மீன் பிடிக்கிற குளங்கள். தடத்தில் அரை நாள் மணல் தள்ளுகிற இடத்தை ரோட்டில் ஒன்றரை மணித்தியாலத்தில் கடக்கலாம். ரயர் முள்ளும் ரோட்டில் குறைவு. குறைவு என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. ரோட்டு ஓரம்தான் அந்தக் கொடிக்கு மிகப் பிடித்த இடம், ஆகவே ஓய்வெடுக்க ஓரத்தில் சாயாதீர்கள்.

க்ராப் க்ரீக் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அது முழுக்க வயல்களிலிருந்து வடிந்த பாசன நீர். சாதாரண வடிகட்டி கிருமியை எடுக்கும், உரத்தையும் பூச்சிமருந்தையும் எடுக்காது. கொதிக்கவைத்தாலும் அதுதான் நிலைமை.

சிமிர்னா, கோர்ஃபு இரண்டும் வரைபடத்தில் ஊர் போலத் தெரியும். ரயில் போனதோடு ஊரும் போய்விட்டது, கடை கிடையாது. அதுக்கு அங்காலே ரோட்டு வடக்கே திரும்பி எஸ்.ஆர். 26இல் ஏறும். அந்த நெடுஞ்சாலையில் வைக்கோலும் உருளைக்கிழங்கும் ஏற்றிய பெரிய லொறிகள் ஓடும், அக்டோபர் அறுவடைக் காலம் வேறு. பின்விளக்குப் பகலிலும் எரிய வேண்டும். இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே.

ஒதெல்லோவுக்குக் கிட்ட வரும்போது ரயில்பாதைக்குத் திரும்பலாம் என்று நினைக்க வேண்டாம். ராயல் சிற்றி சந்தியிலிருந்து வார்டன் வரை தண்டவாளம் இன்னும் கிடக்கிறது, அது தடமில்லை, ரயிலுக்குரிய சொத்து. அதில் இறங்கினால் அத்துமீறல்.

ஜல்லிராஜா

வன்கூவர் நண்பர் சொல்வதில் சிமிர்னா வரை ரோடு என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ஈரமான மணல் கெட்டியாக இருக்கும். மழை பெய்து ஓரிரண்டு நாளுக்குள் போனால் 2.2 டயர் அந்தத் தடத்தில் நன்றாகவே ஓடும். காய்ந்து கிடந்தால் ரோடு. பாலத்திலிருந்து இறங்கியதும் முதல் கால் மைலைப் பார்த்து அங்கேயே முடிவு செய்துவிடலாம். குதிகாலால் ஒரு மிதி மிதியுங்கள், இரண்டு விரல் ஆழத்துக்குள் நின்றால் ஓட்டலாம், கணுக்கால் வரை போனால் திரும்பிவிடுங்கள்.

அந்தப் பகுதித் தடத்தில் சில இடங்களில் பூட்டிய வாயில்கள் வரும். ஆற்றுக்குக் கிழக்கே போகிறவர்கள் ஸ்டேட் பார்க்ஸிடம் முன்கூட்டிச் சொல்லிவைப்பது நல்லது, பூட்டு எண் தேவையா, எந்த வாயில் என்று அவர்களே சொல்வார்கள். மாட்டு வாயில் திறந்தால் பின்னால் வருகிறவர் மூடிவிட்டு வர வேண்டும், இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெடல்பிரியன்

மூவருக்கும் நன்றி. ஒதெல்லோ ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்று தோன்றுகிறது. முதல் நாள் கிட்டிடாஸ் முதல் பெவர்லி, காரை அங்கே விட்டுவைத்து. இரண்டாம் நாள் சுமை இல்லாமல் சிமிர்னா வரை போய்த் திரும்புவது.

ஒரு பிரச்சினை: மனைவி வண்டியின் ரிம் பழையது, ட்யூப்லெஸ்ஸுக்கு ஆகாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். ட்யூபோடுதான் போயாக வேண்டும் என்றால் என்ன செய்வது? ஆறு உபரி ட்யூப் வாங்கிவிடலாமா?

ஜல்லிராஜா

ஆறு ட்யூப் வாங்கினால் ஆறும் பஞ்சராகும், காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் தடுப்பு. மூன்று அடுக்காகச் செய்யுங்கள். டயர் பக்கத்தில் தடிப்பான பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர். டயருக்கும் ட்யூபுக்கும் இடையில் பாலியூரித்தேன் லைனர் பட்டை. உள்ளே, வால்வின் நடுக்குச்சி கழற்றக்கூடிய ட்யூப் வாங்கி, அதற்குள் ட்யூபுக்கான சீலண்ட் 60 மில்லி. லைனர் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அதன் இரண்டு நுனியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் விளிம்பு கூர்மையாக இருக்கும், அது ட்யூபைத் தேய்த்துத் தேய்த்து ஒரு நாளில் ஓட்டை போடும். முள்ளே குத்தாமல் லைனரே பஞ்சராக்கும் கொடுமை இது. நுனிகளை வட்டமாக வெட்டி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஓரத்தில் துணி டேப் ஒட்டிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் காற்று இறங்கினால், இறங்கிய இடத்திலேயே வண்டியைப் படுக்கப் போடாதீர்கள். ஓரத்துக்கு உருட்டிக்கொண்டும் போகாதீர்கள். ஒரு பஞ்சர் பார்க்க ஓரம் போய் இன்னும் நாலைச் சேர்த்துக்கொள்வது அங்கே வழக்கம். வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் வெறும் பாறையிலோ பாலத் தளத்திலோ வையுங்கள். பையில் மூன்றடிக்கு மூன்றடி பழைய தார்ப்பாய்த் துண்டு ஒன்று இருந்தால் அதன் மேல் சக்கரத்தைக் கழற்றலாம்.

கழற்றியதும் ட்யூபை மாற்றும் அவசரம் வேண்டாம். இங்கேதான் எல்லாரும் தவறு செய்வது. முள்ளின் தலை வெளியே உடைந்து விழுந்திருக்கும், நுனி மட்டும் ரப்பருக்குள் நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் கரும்புள்ளிகூடத் தெரியாது. புது ட்யூபைப் போட்டுக் காற்றடித்தால் அதே நுனி அதிலும் இறங்கும். ஆறு ட்யூபும் ஒரே முள்ளுக்குப் பலியாவது இப்படித்தான். நம்ம ஊர் பஞ்சர் கடையில் செய்கிற மாதிரி, டயரின் உட்பக்கத்தைச் சுற்றிலும் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். விரலால் தடவினால் குத்தும், ஒரு பழைய பனியன் துணியையோ பஞ்சையோ வைத்துத் தடவுங்கள், முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். ஒரு திசையில் ஒரு சுற்று, எதிர்த் திசையில் ஒரு சுற்று. முள் சாய்ந்து நின்றால் ஒரு திசையில் நழுவிவிடும். மாட்டிய இடத்தில் டயரை வெளிப்புறமாக மடக்கினால் நுனி எட்டிப் பார்க்கும், கூர்முனைச் சாமணத்தால் பிடித்து இழுக்கலாம். நகவெட்டியும் போதும். எத்தனை எடுத்தீர்கள் என்று எண்ணிக்கொண்டு, ட்யூபில் அத்தனை ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது.

அந்தப் பகுதிக்கு உபரி ட்யூப் மூன்று போதும், அதோடு 15, 20 பேட்ச், ஒரு புது சொல்யூஷன் ட்யூப். புதுசு என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு தடவை திறந்த சொல்யூஷன் அடுத்த தடவை திறக்கும்போது காய்ந்துதான் இருக்கும். பசை தடவி உடனே பேட்ச் வைக்காதீர்கள். பளபளப்புப் போய் மங்கலாகும் வரை ஐந்து நிமிடம் காய விடுங்கள், பிறகு வைத்து டயர் லீவரின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். ட்யூபின் வெளிப்பக்கம் சீலண்ட் கசிந்திருந்தால் ஸ்பிரிட் துடைப்பானால் துடைத்துக் காயவைக்காமல் எந்தப் பேட்சும் ஒட்டாது.

காற்றுக்கு குப்பி வேண்டாம், கைப்பம்ப் எடுங்கள். கார்பன் டை ஆக்சைடு குப்பி தீர்ந்தால் தீர்ந்ததுதான். சில லேட்டெக்ஸ் சீலண்டுகள் அந்த வாயு பட்டால் கட்டிதட்டவும் செய்யும்.

உங்கள் ட்யூப்லெஸ் வண்டிக்கும் ஒரு வார்த்தை. முள் தைத்திருப்பதைப் பார்த்தால் கை தானாகப் பிடுங்கப் போகும். காற்று இறங்காமல் இருந்தால் விட்டுவிடுங்கள், அது அடைப்பானாக இருக்கிறது. மாலையில் முகாமில், பம்ப் கையில் இருக்கும்போது ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஓட்டையைக் கீழ்ப்பக்கம் வைத்து ஒரு நிமிடம் நிறுத்துங்கள், சீலண்ட் அங்கே இறங்கி அடைத்துக்கொள்ளும். வால்வுக்குள் சீலண்ட் உறைந்து காற்றே ஏறாமல் போவது அடிக்கடி நடக்கும், உபரி வால்வு கோர் இரண்டும் அதைக் கழற்றும் சின்னச் சாவியும் கட்டாயம்.

கொலம்பியாக்கரை

காரை பெவர்லிப் பக்கம் விடுவது நல்ல யோசனை. அதிலேயே 10 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றும், இரண்டாம் நாளுக்கான உணவும், ஒரு ஜோடி முழு டயரும் வைத்துவிடுங்கள். மட்டாவா போகும் வேலை மிச்சம். ஸ்டேட் பார்க்ஸ் நிறுத்துமிடங்களில் டிஸ்கவர் பாஸ் என்னும் நிறுத்த அனுமதிச் சீட்டைக் கண்ணாடியில் தெரிய வைக்க வேண்டும். மீன்பிடிக் குளப் பக்கம் நிறுத்தினால் அங்கே எந்தப் பாஸ் செல்லும் என்று பலகையைப் படியுங்கள். கார் டயரிலும் நெருஞ்சி ஒட்டிக்கொண்டு வரும். வண்டியை ரேக்கில் ஏற்றும்போது அதன் மேல் உருட்டிவிடாதீர்கள்.

வசந்தத்தில் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் புது முள் கிடையாது. பழைய முள் கிடக்கும், ஆனால் குறைவு. அதற்குப் பதிலாக உண்ணி. அங்கே வளரும் சேஜ் என்னும் வறண்ட நிலப் புதரில் உரசினால் ஏறிக்கொள்ளும், மாலையில் முழங்கால் பின்புறம், இடுப்புப் பட்டை, காதுக்குப் பின்னால் பார்த்துவிட வேண்டும். விரியன் வகைப் பாம்பு, வாலில் கிலுகிலுப்பை உள்ளது, இரண்டு பருவத்திலும் உண்டு. அக்டோபரில் காலைக் குளிரில் வெயில் காய வெட்டுப்பள்ளப் பாறையிலோ தடத்தின் நடுவிலோ படுத்திருக்கும். முட்புதர் குவியலை ஒதுக்கச் சொன்னேனே, அதற்குள் கையை விடுவதற்கு முன் ஒரு நீளக் குச்சியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையை விடுங்கள்.

ஒளி: அக்டோபர் முதல் வாரம் அங்கே ஆறரை மணிவாக்கில் சூரியன் இறங்கிவிடும். ராணுவ நிலத்தில் இரவு தங்க முடியாது என்பதால் கிட்டிடாஸை எட்டு மணிக்கு மேல் விடாதீர்கள். பதினொரு மணிக்குள் குகையைத் தாண்டவில்லை என்றால் திரும்பிவிடுவது என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் ஏறி வருவதைவிட அங்கிருந்து திரும்புவது எளிது.

ஆத்தங்கரை_வன்கூவர்

ஒன்று விட்டுப்போச்சு. நீண்ட இறக்கத்தில் புழுதி டிஸ்க் பிரேக்கில் அரைபடும். கீழே வந்து சேரும்போது பழைய பிரேக் பாட் என்றால் இரும்பு தெரியும். பாட்டில் தகட்டோடு உராயும் பகுதி ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் போகமுதல் மாற்றிவிடுங்கள், ஆளுக்கு ஒரு சோடி உபரி. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி இறங்காமல், இறுக்கிப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்க வேண்டும். செயினுக்கு ஈர எண்ணெய் போடாதீர்கள், புழுதி ஒட்டிப் பசையாகிவிடும். மெழுகு வகை எண்ணெய் போட்டு, மத்தியானம் ஒரு தரம் துணியால் துடைத்தால் போதும்.

பெடல்பிரியன்

ஹேங்கர், சாமணம், தார்ப்பாய்த் துண்டு மூன்றும் என் பட்டியலில் இல்லாதவை, சேர்த்துவிட்டேன். லைனரும் 45 டயரும் ஒன்றாக அந்த ஃபோர்க்கில் நுழைகிறதா என்று இந்த வாரம் போட்டுப் பார்க்கிறேன்.

ஜல்லிராஜா

போட்டுப் பார்க்கும்போது காற்றை முழுசாக அடித்துவிட்டு இடைவெளியை அளக்கவும். காற்றில்லாத டயர் எந்த ஃபோர்க்கிலும் நுழையும்.